செட்டியார் தெருவுக்கு ஒரு நகாசுக்காரர்

ஜனவரி 6, 2026

தை பிறக்கப் போகிறது. கொழும்பு செட்டியார் தெருவில் எங்கள் நகைப் பட்டறைக்குக் கல்யாண ஓடர் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் போனில் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள்: தகட்டைத் தட்டிப் புடைக்க வைத்து மயிலும் லட்சுமியும் எடுத்த நகாசு ஆரம். பவுண் விலை போகிற போக்கில் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள், வேலையை மட்டும் குறைக்க விடமாட்டார்கள்.

பட்டறையில் நகாசு தெரிந்தவர் மூத்த பொற்கொல்லரான பெரிய பத்தர் ஒருவர்தான். அவருக்கும் இப்போது கண் மங்கல். மகன் தோஹாவில் கிரேன் ஓட்டுகிறான். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக இலங்கையை விட்டுப் போனார்கள். அதில் இந்தத் தெருப் பெடியன்களும் அடக்கம். பேப்பரில் விளம்பரம் போட்டுப் பார்த்தேன். வந்தவர்கள் சங்கிலி பற்றவைப்பார்கள், மோதிரத்தைப் பெருப்பித்துத் தருவார்கள். லட்சுமிக்கு முகம் எடுக்க ஆளில்லை.

சரி, இந்தியாவிலிருந்து கூப்பிடுவோம்.

ஜனவரி 11

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தரகர் வந்தார். பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் முழுத் திட்டத்தையும் சொல்லிவிட்டார். "முதலாளி, சுற்றுலா விசாவில் இறக்குவோம். மற்றதைப் பிறகு பார்ப்போம். பாஸ்போர்ட்டை வாங்கி லாச்சியில் போட்டுப் பூட்டுங்கோ, ஆள் எங்கேயும் போகாது."

சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் தடுத்து வைப்பதும் நாடு கடத்துவதும் அந்த மனிதரைத்தான். தரகர் அப்போது வேறொரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். பாஸ்போர்ட் கதை எனக்குப் புதிதல்ல. சின்னம்மா குவைத்தில் வீட்டு வேலை பார்த்த காலம் முழுக்க அவருடைய பாஸ்போர்ட் அரபிக்காரரின் அலுமாரியில்தான் கிடந்தது. அங்கே நடந்தால் கொடுமை, செட்டியார் தெருவில் நடந்தால் முன்னெச்சரிக்கையா?

தரகரை அனுப்பிவிட்டேன். பிளேன்ரீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 24

தெரிந்த வியாபாரி ஒருவர் மூலம் கோயம்புத்தூரில் ஓர் ஆள் கிடைத்தார். சான்றிதழைப் பார்த்து நகாசுக்காரரை எடுக்க முடியாது, கையைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் வீடியோவில் வேலை செய்து காட்டச் சொன்னோம்.

தகட்டைப் பின்பக்கம் தட்டிப் புடைக்க வைத்து, அரக்கில் பதித்து, முன்பக்கம் திருப்பினார். தோள், மார்பு, தாமரை எல்லாம் பேசிக்கொண்டே வந்தன. மூக்குக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மிகச் சின்ன உளியை எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நுனியைக் கொஞ்சம் திருப்பி, மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் இறக்கினார். நுனியை அவர் தொடவே இல்லை. பக்கம் இறங்க இறங்க அதுவாக எழும்பி வந்தது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய பத்தர், "ஓம், இவன் வேலைக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை.

அப்புறம் சம்பளம். மாதம் ஒன்றரை லட்சம் இலங்கை ரூபா என்றேன். அந்தப் பக்கத்தில் சின்ன அமைதி. இந்திய ரூபா ஒன்றுக்கு நம்முடைய காசு மூன்றரைக்குக் கிட்ட வருகிறது. ஒன்றரை லட்சம் அங்கே நாற்பத்திரண்டாயிரம் சொச்சம்தான். "அந்தக் காசு இங்கயே வருதுங்களே சார்" என்றார். நியாயமான பேச்சு. தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குப் போய்வர டிக்கெட் என் செலவு என்று சொன்ன பிறகுதான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வெளிநாட்டு ஆள் என்றால் மலிவு என்று நினைக்கிற முதலாளிமார் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் இந்த மாதம் முதல் 30,000. அதோடு ஒப்பிட்டால் நான் என்ன செய்கிறேன் என்று தங்கச்சிக்கே விளங்கவில்லை. கணக்குப் பார்ப்பவள் அவள்தானே.

பிப்ரவரி 9

அவர் வர ஒப்புக்கொண்டார். கடிதங்கள், கடிதங்கள். விசாவுக்குப் பொறுப்பு நிற்பது முதலாளிதான். ஏன் உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்ட வேண்டும் (பேப்பர் விளம்பரத்தை வெட்டி வைத்தது நல்லதாய்ப் போயிற்று), சம்பந்தப்பட்ட அமைச்சின் பரிந்துரை வேண்டும், அதன் பிறகு பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அனுமதி கிடைத்தால் நுழைவு விசாவில் வருவார், வந்த பின் வதிவிட விசா. அதையும் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டும்.

வேலை ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி அவருக்கு முதலில் அனுப்பினேன். வேலை நேரம், லீவு, அறை எல்லாம் அதில் இருக்கிறது. பாஸ்போர்ட் அவரிடமே இருக்கும் என்பதையும் தனி வரியாகப் போட்டேன். சேதாரம் யார் கணக்கில் என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மாள்!

மார்ச் 17

திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். கட்டுநாயக்காவில் நான் நின்றேன். பெட்டியில் துணி குறைவு, உளிகள்தான் அதிகம்.

ஏப்ரல் 2

முதல் சம்பளம், முதல் சண்டை. தாளைப் பிடித்துக்கொண்டு வந்தார்: "எட்டு பர்சன்ட் ஏனுங்க புடிச்சீங்க?"

தங்கச்சி விளக்கினாள். இது ஈ.பி.எஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. அவர் பங்கு 8 வீதம், எங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்புக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்க எங்கள் தலையில். முழு மாதக் கணக்கென்றால் அவர் சம்பளத்தில் 12,000 பிடிக்கிறோம். எங்கள் பக்கத்திலிருந்து 22,500 போகிறது. வெளிநாட்டவர் என்று விதிவிலக்கு இல்லை. நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும்போது தன் காசை எடுக்கலாம் என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் அதையே இன்னும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டியைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஏப்ரல் 20

புத்தாண்டு முடிந்து பட்டறை திறந்தாயிற்று. பெரிய பத்தரும் கோவைக்காரரும் அரக்குக்கு எவ்வளவு செங்கல் தூள் போடுவது என்று மூன்றாவது நாளாக வாதாடுகிறார்கள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் இவரைக் கூப்பிட்டபோதே சொன்ன நிபந்தனை, நம் சின்னப் பெடியனைப் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும் என்பது. இவர் போன பிறகு மறுபடி விளம்பரம் போட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பெடியன் இப்போது தாமரை இதழ் வரைக்கும் வந்துவிட்டான். முகத்தைத் தொட விடவில்லை.

இன்று மதியம் வந்து நின்றான். "அண்ணை, அவருக்கு ஒன்றரை லட்சம். எனக்கு எண்பதாயிரம். நானும் மூக்கு எடுத்தால்?"

அறையும் சாப்பாடும் டிக்கெட்டும் அவருக்கு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடுமே என்று நிறுத்திக்கொண்டேன். தனியாக ஒரு முகம் எடுத்து, அதைப் பெரிய பத்தர் பார்த்துச் சரி என்றால், அந்த மாதத்திலிருந்து அதே சம்பளம் என்றேன்.

"எழுதித் தாங்கோ" என்றான். எழுதிக் கொடுத்தேன். தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.