நேத்துன்னு சொல்லிட்டா 'ஹேவ்' வராது

இங்கிலீஷ் கத்துக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குறது, 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தப்புன்னு. ரொம்ப நியாயமான கேள்விங்க, இதைக் கேக்க கூச்சமே படாதீங்க. நேத்து, போன வாரம், 2019லன்னு முடிஞ்சுபோன ஒரு நேரத்தை சொல்லிட்டீங்கன்னா அங்க ஹேவ் வராது, 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' அவ்ளோதான், ஆனா எப்பன்னு சொல்லாம பாத்திருக்கேன்னு மட்டும் சொல்லணும்னா 'ஐ ஹேவ் சீன் ஹிம்' தாராளமா சொல்லலாம்.

சின்ஸ், ஃபார் எது எங்க வரும்ங்கிற குழப்பத்தைத் தீர்க்குறது சுலபம். ஆரம்பிச்ச நேரத்துக்கு 'சின்ஸ் மண்டே', எவ்ளோ நாளான்னா 'ஃபார் த்ரீ டேஸ்'.

அப்புறம் 'டிட் யூ வென்ட்' வேணாம்ங்க, இறந்தகாலம் டிட்லயே வந்துடுச்சு, 'டிட் யூ கோ' போதும். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க இதையெல்லாம் கிண்டல் பண்ணாம பொறுமையா சொல்லிக்கொடுங்க ப்ளீஸ்.