பெரிய ஆஃப்ரோடு எஸ்யூவி வாங்கும் முன்

லேடர் ஃபிரேம் (ஏணி வடிவ அடிச்சட்டம்), லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்), டிஃப்ரன்ஷியல் லாக் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃப்ரன்ஷியலைப் பூட்டி, சேர்ந்தே சுழல வைப்பது) மூன்றும் உள்ள வண்டி சேற்றிலும் மணலிலும் தரும் தைரியமே தனி. மணலில் டயர் காற்றை 32-லிருந்து 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் தரையில் படியும் பரப்பு நீண்டு, புதையாமல் போகும். தார்ரோடு ஏறியதும் மறுபடி நிரப்பியே ஆகவேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

ஆனால் எடை 2 டன்னுக்கும் மேல். பிரேக் பேட், டயர், எரிபொருள் எல்லாம் அதற்கேற்பக் கரையும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி தரும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார்ரோட்டில் போடவே கூடாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருளும். அதைச் சரிக்கட்ட நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது, அழுத்தம் முழுக்க, இரு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும்.

தினசரி ஓட்டம் 5 கிலோமீட்டர்தான் என்றால் தயவுசெய்து டீசல் வேண்டாம். புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். குட்டி ஓட்டத்தில் அது வராது, அடைத்துக்கொள்ளும்.

ஆழத் தண்ணீரில் இறக்கினீர்களா? டிஃப்ரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.