எஸ் மாதிரிதான் தெரியுது

நான் கிருமி லேபில் வேலை பார்க்கிறவள். அந்த வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரிடம், அவருடைய நோயாளியின் வயிற்றுக் கிருமிக்கு ஒரு ஆன்டிபயாடிக் கேட்குமா என்பது பற்றி, ஃபோனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "லிவோஃப்ளாக்சசின் இப்போதைக்கு எஸ் மாதிரிதான் தெரியுது டாக்டர். வளர்ச்சி கம்மி. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் ரிப்போர்ட் போடுவேன்."

எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அவர் காதில் எஸ் மட்டும்தான் விழுந்தது.

"அது போதும்க்கா. அங்கிள் ஞாயித்துக்கிழமை திருச்சிக்குக் கெளம்புறாரு. தீபாவளி முடிஞ்சு வர ரெண்டு மாசமாகும்."

'அது போதும்' என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. திரும்பக் கூப்பிட்டு, போதாது டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். ரத்த கல்ச்சர் பாட்டில்கள் வரிசையில் நின்றன. அதைப் பார்க்கப் போய்விட்டேன். வேலை இருந்தது உண்மை. அரை நிமிடம் இல்லாத அளவுக்கு இருந்ததா என்றால், இல்லை.

அங்கிள் வயிற்றில் இருந்த பைலோரி அவசரத்துக்கு வளர்கிற கிருமி இல்லை. ஈ.கோலை ராத்திரி வைத்தால் காலையில் வளர்ப்புத் தட்டு நிறைய நிற்கும். இதற்கு 5 சதவீதம் ஆக்சிஜன், கூடவே கரியமில வாயு, 37 டிகிரி என்று சகல உபசாரமும் செய்தாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த பல பயாப்ஸிகளில் ஒன்றுமே வராது. அந்த அங்கிளுக்கு கிளாரித்ரோமைசின் ஒரு சுற்று, பிஸ்மத்தோடு நாலு மருந்து ஒரு சுற்று, இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாவதாக லிவோஃப்ளாக்சசின் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

ஈ-டெஸ்ட் என்பது மருந்தை ஏறுமுகமான அளவில் தடவி எண் போட்ட பட்டை. மருந்து கேட்டால், தட்டில் அதைச் சுற்றிக் கிருமி வளராத இடம் முட்டை வடிவில் தெளிந்திருக்கும். வெள்ளிக்கிழமை அது சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை அதே தெளிவுக்குள் ஊசிமுனை அளவில் நாலைந்து புள்ளிகள். வேறு கிருமி ஒட்டிக்கொண்டதோ என்று எடுத்துச் சோதித்தேன், பைலோரியேதான். ஒரே வயிற்றில் மருந்துக்கு அடங்குகிறதும் அடங்காததும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது இதில் புதிதில்லை. ஆர் என்று ரிப்போர்ட் போட்டுவிட்டு ஃபோன் செய்தேன்.

"எஸ்னுதானேக்கா சொன்னீங்க?"

"எஸ் மாதிரின்னு சொன்னேன் டாக்டர்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பதினாலு நாளும் முடிக்கட்டும்" என்றார்.

பாட்டிலில் வருகிற சதைத் துணுக்குக்கும் 'மாதிரி' என்றுதான் பெயர். முழு வயிற்றுக்கு அரிசியைவிடச் சின்னதாக இரண்டு துணுக்கு. அதை வைத்துக்கொண்டு மாதிரிதான் பேச முடியும். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் இருக்கிற ஆளிடம் எஸ் என்ற எழுத்தை முதலில் போட்டுவிட்டுத் தயக்கத்தைப் பின்னால் வைத்தவள் நான்தான். வளர்ச்சி கம்மி என்று ஆரம்பித்திருந்தால்?

அங்கிள் திரும்பி வந்ததும் மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். நெகட்டிவ். கிருமி போய்விட்டது. லிஃப்டில் பார்த்தபோது டாக்டர் சிரித்தார்: "பாத்தீங்களாக்கா, உங்க ஆர் தோத்துப்போச்சு."

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். கூடவே கொடுத்த அமாக்சிசிலினும் அமிலத்தை அடக்கும் மாத்திரையுமே வேலையை முடித்திருக்கலாம். அடங்காதவை எண்ணிக்கையில் சொற்பமாக இருந்திருக்கலாம். மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து தட்டில் ஆர் காட்டினாலும் அளவையும் நாட்களையும் கூட்டிக் கொடுத்தால் பல வயிறுகளில் கேட்பது எல்லோருக்கும் தெரியும். லிவோஃப்ளாக்சசினில் அந்தச் சலுகையை நம்ப முடியாது. ஆனால் இவர் தப்பித்துவிட்டார். அப்படியானால் நான் திங்கட்கிழமை அவ்வளவு பதறியது எதற்காக? கிருமி போகாமல் இருந்திருந்தால் தப்பு என்னுடையது என்று எழுதியிருப்பேனா, அதுவும் தெரியவில்லை.

அதற்கப்புறம் இறுதி ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஃபோனில் எதுவும் சொல்வதில்லை. போன மாதம், இன்னொரு வெள்ளிக்கிழமை, வேறொரு டாக்டர் இதே மருந்தைப் பற்றிக் கேட்டார். "ரிப்போர்ட் வரட்டும் டாக்டர்" என்றேன். தட்டு என் கையில்தான் இருந்தது. பட்டையின் கடைசி எண் வரை அடர்த்தியாக வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை வரை காத்திருந்தாலும் அது மாறப்போவதில்லை. அன்றைக்கு அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.