மூன்று வேலை நாட்கள்

டெக்சாஸில் தூண்டிலும் கூடாரமும் விற்கும் ஒரு பெரிய கடையில், துப்பாக்கி கவுண்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊரில் அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது.

வாங்க வருபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு மாலை ஒரு பெண் வந்தார். கூட வந்தவர்தான் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார், விலை பேசினார், பணத்தையும் எடுத்து நீட்டினார். அந்தப் பெண் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். 2022 ஜூனில் வந்த ஃபெடரல் சட்டம், இப்படி அடுத்தவருக்காக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அது தண்டிக்க, யாராவது முதலில் அகப்பட வேண்டும். அன்று அந்த விற்பனையை நிறுத்தியது படிவத்தில் இருந்த ஒரு கேள்வி.

சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றி நிறைய வாக்குவாதம் நடக்கும். “குற்றவாளியைப் பிடித்து உள்ளே போடு, துப்பாக்கியை விடு” என்பார் என்னோடு வேலை பார்த்த பெரியவர். நல்ல மனிதர், வேட்டைக்காரர். அமெரிக்காவின் 1994 குற்றச் சட்டத்தைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். மூன்றாவது முறை கடும் வன்முறைக் குற்றத்தில் சிக்கினால் ஆயுள் சிறை, பல புதிய குற்றங்களுக்கு மரண தண்டனை, சிறை கட்ட மாநிலங்களுக்குப் பணம் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு குண்டு சுட்டதும் அடுத்தது தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் சில வகைகளுக்குத் தடையும் இருந்தது. அந்தத் தடைக்கு மட்டும் பத்து வருடக் கெடு வைத்தார்கள், 2004ல் காலாவதியாகிவிட்டது. ஆயுள் சிறைக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை.

படிவம் முடிந்ததும், அவருக்குச் சட்டப்படி துப்பாக்கி கொடுக்கலாமா என்று பார்க்க விவரங்கள் எஃப்.பி.ஐ. சோதனைக்குப் போகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் ‘கொடுக்கலாம்’ என்று பதில் வரும், சிலருக்கு ‘மறுப்பு’. என்னை உறுத்தியது ‘தாமதம்’ என்ற பதில்தான். மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், கடை விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுக்க வேண்டி வந்த நாட்களில் வீட்டுக்குப் போயும் மனசு ஆறாது.

2015ல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், ஒரு தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி வந்தது இந்த வழியில்தான். போதைப்பொருள் வைத்திருந்ததை அவன் போலீஸிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அந்த அறிக்கை மட்டும் சோதித்தவர் கைக்கு வந்திருந்தால் மறுத்திருப்பார்கள். அது வருவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது.

இந்தக் கெடுவை நீட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 2019லும் 2021லும் நிறைவேறியது. செனட் அதை நிறைவேற்றவில்லை. 2022 சட்டம் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும், தேவைப்பட்டால் பத்து வேலை நாட்கள் வரை சோதிக்க இடம் கொடுத்தது. அந்தப் பத்து நாளை எல்லா வயதினருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சார்ல்ஸ்டன் கொலைகாரன் துப்பாக்கி வாங்கியபோது அவனுக்கு வயது 21.