எம்.டி. பீடியாட்ரிக்ஸ் பிராக்டிகல்: பிறவி நுரையீரல் கேஸ் வந்து விழுந்தால்

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். மெடல் வாங்குகிற ரகம் இல்லை நான். காலையில் எழுந்ததும் மார்க்கைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துச் சொல்வது), எக்ஸ்-ரே டேபிள் (படம் பார்த்துச் சொல்வது) இரண்டிலுமே பிறவி நுரையீரல் கோளாறு வந்ததால் ஜூனியர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளவில்லை. கேஸ் ஷீட் எழுதுவது, எக்ஸாமினர் முன்னால் எப்படி நிற்பது என்பதற்கெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பழைய எக்ஸ்-ரேக்களைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும். தேதி வாரியாக அடுக்குங்கள். அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை எடுங்கள்.

எனக்கு வந்தவன் அடிக்கடி நிமோனியா வரும் ஐந்து வயதுப் பையன். ‘சளி, காய்ச்சல், அட்மிட் பண்ணாங்க, சரியாச்சு’ என்று ஒவ்வொரு முறைக்கும் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு வந்தார் அவன் அம்மா. கட்டிலுக்கு அடியில் ஒரு நகைக்கடைப் பை இருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் சம்மரிகள், மருந்துக்கடை பில், நடுவில் மடங்கிப்போன ஃபிலிம்கள், அதில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. வியூ பாக்ஸ் கிடையாது, ஜன்னல் வெளிச்சம்தான். வரிசையாக எடுத்துப் பிடித்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் இடது பக்கம், கீழே, இதய நிழலுக்குப் பின்னால் அதே வெள்ளை. குணமாகிவிட்டது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிய படத்திலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ‘ஆமா டாக்டரம்மா, போன தடவையும் இதே பக்கந்தான் சொன்னாங்க’ என்று அப்போதுதான் அம்மா சொன்னார்.

அடிக்கடி வரும் நிமோனியா என்றால் வருடத்தில் இரண்டு அல்லது மொத்தத்தில் மூன்று தடவை என்ற வரையறையை எல்லோரும் ஒப்பிப்போம். நடுவில் படம் தெளிந்திருக்க வேண்டும் என்ற பாதியை அவசரத்தில் முழுங்கிவிடுவோம். தெளியவே இல்லை என்றால் அது அடிக்கடி வரும் நிமோனியா இல்லை, போகாமலே இருக்கும் நிழல். அடுத்தது இடம். வேறு வேறு இடத்தில் வந்தால் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு, புரையேறுதல், இதயத்தில் ஷன்ட், சிலியா கோளாறு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உடம்பு முழுவதையும் தேட வேண்டும். ஒரே இடம் என்றால் அங்கேயே ஏதோ உட்கார்ந்திருக்கிறது: மூச்சுக்குழாயில் சிக்கிய நிலக்கடலை, வெளியிலிருந்து நெரிக்கும் டிபி நெறிக்கட்டி, பிராங்கியெக்டாசிஸ் (நிரந்தரமாக விரிந்துபோன மூச்சுக்குழாய்), இல்லாவிட்டால் கருவிலேயே தப்பாக அமைந்துவிட்ட நுரையீரல் துண்டு.

டிபி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் அதைச் சொல்லாமல் டிஃபரன்ஷியல் (சாத்தியமான நோய்களின் பட்டியல்) முடித்தால் எக்ஸாமினர் விடமாட்டார், விடவும் கூடாது. ஆனால் இந்தப் பையனுக்கு வீட்டில் யாருக்கும் டிபி இல்லை, டிபிக்கான தோல் சோதனை மாண்டூ நெகட்டிவ், இரைப்பை நீரில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் நெகட்டிவ், எடை சரியாகத்தான் இருந்தது. இவ்வளவும் அந்தப் பையில் காகிதமாகவே இருக்க, எங்கேயோ ஒரு இடத்தில் ஆறு மாதம் ஏ.டி.டி. (டிபி மருந்து) கொடுத்து முடித்திருக்கிறார்கள். படம் அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு வந்த எரிச்சலைக் கேஸ் ஷீட்டில் எழுத முடியாது. ‘முழு சிகிச்சைக்குப் பிறகும் நிழல் மாறவில்லை’ என்று மட்டும் எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். முன்னால் பார்த்த டாக்டரைக் குறை சொல்லும் தொனி வந்தால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும்.

என் டயக்னோசிஸ்: இன்ட்ராலோபார் செக்வெஸ்ட்ரேஷன் (மடலுக்குள்ளேயே, தனி ரத்தக்குழாயோடு ஒதுங்கிய நுரையீரல் துண்டு) முதலில், சி.பி.ஏ.எம். (குமிழ்களாக வளர்ந்த பிறவி நுரையீரல் கட்டி) இரண்டாவது, மற்றவை பிறகு. ‘ஏன்மா சி.பி.ஏ.எம். முதலில் இல்லை?’ என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்) கேட்டார். இடது கீழ் மடல், பின்பக்கம், கட்டியான நிழல், திரும்பத் திரும்பத் தொற்று என்பதால் என்றேன். இரண்டும் கலந்தே வரலாம், முடிவு சொல்ல வேண்டியது ரத்தக்குழாய்தான் என்றும் சேர்த்தேன். அங்கிருந்து பேச்சு நன்றாகப் போனது. அவர் கேட்டவை இவை:

– ரத்தம் எங்கிருந்து? பெருந்தமனியிலிருந்து நேரடியாக. நுரையீரலுக்கு வழக்கமாக ரத்தம் கொண்டுவரும் பல்மனரி ஆர்ட்டரியிலிருந்து இல்லை. 
– எங்கே வடிகிறது? இன்ட்ராலோபாரில் பெரும்பாலும் பல்மனரி வெயினுக்கு (நுரையீரல் சிரை). மடலுக்கு வெளியே இருக்கும் எக்ஸ்ட்ராலோபாரில் பெரும்பாலும் உடம்பின் சிரைகளுக்கு, அதற்குத் தனி ப்ளூரா (நுரையீரல் உறை) உண்டு.
– எது அதிகம்? இன்ட்ராலோபார், நாலில் மூன்று பங்கு.
– ஏன் தொற்று? மூச்சுக்குழாயோடு சரியான இணைப்பு இல்லை. பக்கத்து நுரையீரலிலிருந்து உள்ளே போன கிருமி வெளியே வர வழியில்லை.
– முதுகில் மர்மர் (ரத்தம் பாயும் இரைச்சல்) கேட்டாயா? (கேட்டேன், இல்லை. சில பேருக்குக் கேட்கும். கேட்டுப் பார்த்தேன் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.)
– என்ன ஸ்கேன்?

கடைசிக் கேள்விக்கு வெறுமனே ‘சி.டி. செஸ்ட்’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். கான்ட்ராஸ்டோடு சி.டி. ஆஞ்சியோ, வயிற்றின் மேல் பகுதி வரை. அந்தத் தமனி உதரவிதானத்துக்குக் கீழே, வயிற்றுப் பெருந்தமனியிலிருந்தும் கிளம்பி மேலே ஏறலாம். அது தெரியாமல் சர்ஜன் உள்ளே போய், வெட்டிய முனை கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டால் ரத்தப்போக்கைப் பிடிப்பது பெரும்பாடு. காரணத்தோடு சொன்னால் எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

சரி, எக்ஸ்-ரே டேபிள். இங்கே பழைய படம் கிடையாது, ஒரே படம்தான். அப்போது மீடியாஸ்டினம் (இதயம் இருக்கும் நடுமார்பு) எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள். நிழல் இருக்கும் பக்கமே இழுத்திருந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால் ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்தது பச்சிளம் குழந்தையின் படம்: இடது மேல் பக்கம் கன்னங்கரேல் என்று ஊதி, இதயத்தை வலப்பக்கம் தள்ளியிருந்தது. பார்த்ததும் வாயில் நிமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே அடைத்த காற்று) என்றுதான் வரும். அடக்கிக்கொண்டு அந்தக் கறுப்புக்குள் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அது நுரையீரல்தான். கன்ஜெனிட்டல் லோபார் எம்பிசீமா, பிறவியிலேயே ஒரு மடல் காற்றடைத்து ஊதிப்போவது. அதிகம் வருவது இடது மேல் மடலில், அடுத்து வலது நடு மடலில். நிமோதோராக்ஸில் கோடு இருக்காது, சுருங்கிய நுரையீரல் ஹைலம் (நுரையீரலின் வேர்) பக்கம் ஒதுங்கிக் கிடக்கும்; இங்கே கீழ் மடல் அடியில் நசுங்கிக் கிடக்கும். இதற்குள் ஐ.சி.டி. (காற்றை வெளியேற்றும் மார்புக் குழாய்) போட்டால் நல்ல நுரையீரலைக் குத்திய கதைதான். பிறந்த உடனே எடுத்த படத்தில் இதே மடல் வெள்ளையாகவும் தெரியலாம், கருவில் இருந்த நீர் இன்னும் வடியாமல் இருப்பதால். இதைச் சொன்னேன், உள்ளூர் எக்ஸாமினர் முதல் தடவையாகத் தலையசைத்தார்.

மற்றவை, நான் சுவரில் ஒட்டி வைத்திருந்த தாளிலிருந்து அப்படியே:

– இடது மார்பில் குமிழ் குமிழாக: வயிற்றைப் பார். வயிற்றில் குடல் காற்று குறைவு, வயிறு ஒட்டிப்போயிருக்கிறது, என்.ஜி. ட்யூப் (மூக்கு வழியாகப் போடும் இரைப்பைக் குழாய்) நுனி மார்புக்குள் என்றால் டயாஃப்ரமாட்டிக் ஹெர்னியா (உதரவிதான ஓட்டை வழியாகக் குடல் மார்புக்குள் ஏறியது). ஆம்பு பேக், மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கக் கூடாது; நேராக இன்டியூபேட் (மூச்சுக்குழாய்க்குள் ட்யூப்).
– வயிறு சாதாரணம், மார்பில் மட்டும் நீர்க்குமிழ்: சி.பி.ஏ.எம். ஸ்டாக்கர் 1977இல் மூன்று வகை சொன்னார், பிறகு 0 முதல் 4 வரை ஆனது. வகை 1 என்றால் 2 செ.மீ.க்கு மேல் பெரிய குமிழ், வகை 2 சிறியவை, மற்ற உறுப்புக் கோளாறுகளைத் தேடு.
– காய்ச்சலோடு வந்த குழந்தை, நாளுக்கு நாள் குமிழின் அளவு மாறுகிறது: ஸ்டாஃப் நிமோனியாவின் நியூமட்டோசீல் (தொற்றால் வரும் காற்றுக்குமிழ்). பிறவி என்று குதிக்காதே.
– வலது நுரையீரல் சிறியது, இதயம் வலப்பக்கம், ஓரத்தில் வளைந்து இறங்கும் சிரை: சிமிட்டார் (வளைவாள்) சிண்ட்ரோம்.
– ட்யூப் மேலேயே சுருண்டு நிற்கிறது, வயிற்றில் காற்று இருக்கிறது: உணவுக்குழாய் அட்ரீசியா (பாதியில் மூடியது), கீழ் முனையில் ஃபிஸ்டுலா (மூச்சுக்குழாயோடு இணைப்பு). காற்றே இல்லை: கீழே ஃபிஸ்டுலா இல்லை. முதுகெலும்பையும் எண்ணு.
– ஒரு பக்கம் முழு வெள்ளை, இதயம் அந்தப் பக்கமே: கொலாப்ஸ் (சுருங்கிய நுரையீரல்), ஏஜெனெசிஸ் (நுரையீரல் உருவாகவே இல்லை). ஏஜெனெசிஸில் அந்தப் பக்க மூச்சுக்குழாயே கிடையாது, ஏப்ளேசியாவில் முளை மட்டும் உண்டு.

ஷார்ட் கேஸில் பக்கத்து மேஜைக்காரிக்கு ஸ்ட்ரைடார் (மூச்சில் கீச்சென்ற சத்தம்) குழந்தை. அவள் சார்பில் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் இனி இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறாள். குழந்தையைத் தொடும் முன் சத்தம் மூச்சு இழுக்கும்போதா, விடும்போதா, இரண்டிலுமா என்று நின்று கேளுங்கள். இழுக்கும்போது மட்டும், மல்லாக்கப் போட்டால் கூடுகிறது, குப்புறப் போட்டால் குறைகிறது, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் லாரிங்கோமலேசியா (தொளதொளவென்ற குரல்வளை). ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே அடங்கும். விடும்போது என்றால் கோளாறு மார்புக்குள் இருக்கும் மூச்சுக்குழாயில், டிரேக்கியோமலேசியா (தொளதொளவென்ற மூச்சுக்குழாய்) போல. இரண்டிலும் சத்தம் என்றால் அடைப்பு நிலையானது: சப்கிளாட்டிக் ஸ்டெனோசிஸ் (குரல் நாணுக்குக் கீழே குறுகல்), ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்க் கட்டி), வாஸ்குலர் ரிங் (மூச்சுக்குழாயைச் சுற்றி நெரிக்கும் ரத்தக்குழாய்). ஹீமாஞ்சியோமாவுக்காகத் தாடைப் பகுதியில் சிவப்பு மச்சம் இருக்கிறதா பாருங்கள். அழுகை பலவீனமாக இருந்தால் கோளாறு குரல் நாணில். வீட்டில் அம்மா போனில் எடுத்த வீடியோ இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், வார்டில் குழந்தை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அம்மா ‘இழுப்பு’ என்றால் அதை வீசிங் என்று எழுதிவிடாமல் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வாஸ்குலர் ரிங்குக்கு பேரியம் ஸ்வாலோ (பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்-ரே) கேட்பார்கள். உணவுக்குழாயைப் பின்னாலிருந்து அழுத்தினால் டபுள் ஆர்ச் (பெருந்தமனி வளைவு இரண்டாக இருப்பது) போன்ற ரிங்குகள். முன்னாலிருந்து அழுத்தினால் பல்மனரி ஸ்லிங் என்று நினையுங்கள். இடது பல்மனரி ஆர்ட்டரி மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே நுழைந்து போவது அது ஒன்றுதான். கூடவே மூச்சுக்குழாயில் முழு வளையக் குருத்தெலும்பு இருக்கலாம், பிராங்காஸ்கோபி வேண்டும் என்று சொல்லுங்கள்.

எப்படிப் படித்தேன் என்று கேட்பவர்களுக்கு: குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, நாலு பேர் சேர்ந்தால் ஹாஸ்டல் மெஸ் பற்றித்தான் பேசுவோம். தனியாக, மெதுவாக, படம் பார்த்தே படித்தேன். வேகமாகப் பேசுபவர்களுக்கு என் முறை வெறுப்பேற்றும். பெரிய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்தால் போதும். அப்புறம் ரேடியாலஜி டிபார்ட்மென்ட்டில் போய் உட்காருங்கள், அங்கிருக்கும் பி.ஜி.க்கு டீ வாங்கிக் கொடுங்கள், பழைய சி.டி.க்களைத் தானே திறந்து காட்டுவார். சீனியர் நோட்ஸில் இன்னும் ‘சி.சி.ஏ.எம்.’ என்றே இருக்கும். பழைய பெயர், எக்ஸாமில் சி.பி.ஏ.எம். என்றே சொல்லுங்கள்.

கர்ப்பகால ஸ்கேன் கேள்வி இப்போது நிச்சயம் வருகிறது. சி.வி.ஆர். என்றால் சி.பி.ஏ.எம். கட்டியின் நீளம், அகலம், உயரம் பெருக்கி 0.52ஆல் பெருக்கி, கருவின் தலைச் சுற்றளவால் வகுப்பது, 1.6க்கு மேல் போனால் ஹைட்ராப்ஸ் (கருவின் உடம்பில் நீர் கோப்பது) ஆபத்து அதிகம். கடைசி மாதங்களில் ஸ்கேனில் மறைந்ததுபோல் தெரிந்தாலும், பிறந்த பிறகு எக்ஸ்-ரே நார்மலாக இருந்தாலும் சி.டி. தேவை.

தொந்தரவே இல்லாத சி.பி.ஏ.எம்.மை வெட்டி எடுக்கலாமா, காத்திருக்கலாமா என்று கேட்டால் ஒரே பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். எடுப்பவர்கள் பின்னால் வரும் தொற்றையும், ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவ நுரையீரல் புற்றுநோயைப் படத்தில் பிரித்தறிய முடியாததையும் சொல்வார்கள். காத்திருப்பவர்கள் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள் என்பார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு, ‘எங்கள் யூனிட்டில் இப்படிச் செய்கிறோம் சார்’ என்று நிறுத்துங்கள். குடும்பத்தில் சிறுவயதுப் புற்றுநோய் உண்டா என்று கேட்பேன், அந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள டைசர்1 மரபணுவுக்காக, என்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அதைச் சொன்னால் டைசர்1 பற்றி அடுத்த கேள்வி வரும், படித்துவிட்டுப் போங்கள்.