எவ்வளவு?

மார்ச் 3

காலையில் வெறும் வயிற்றில் சுகர் 214. நேற்று அளவாகத்தான் சாப்பிட்டேன், நடந்தேன், இன்சுலினும் தவறவில்லை. அப்புறம் எப்படி? சமையலறையிலிருந்து அவர் குரல்: "எவ்வளவு?" எங்கள் வீட்டில் பொழுது விடிவதே இந்தக் கேள்வியில்தான். "நூத்தி அறுபத்தி நாலு" என்றேன். நோட்டிலும் 164 என்றே எழுதிவிட்டேன். ஒன்பது வருஷமாகச் சுகரோடு குடித்தனம், இன்னும் மார்க் ஷீட்டை ஒளிக்கிற பிள்ளை புத்திதான்.

மார்ச் 6

இரண்டு நாளாக மீட்டரைத் தொடவில்லை. விரல் நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11

டாக்டரிடம் நோட்டை நீட்டும்போதே சொல்லிவிட்டேன்: "இதில் பாதி பொய் டாக்டர்." சொல்லாவிட்டாலும் எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்திருக்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரைக் கதை அதில் ஒட்டியிருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரு தாளைக் கொடுத்தார். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பா, கட்டுப்பாடு தவறினால் குற்ற உணர்வா, இந்த நோயோடு தனியாக விடப்பட்டது போல் இருக்கிறதா... என்னை ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. இந்தக் கேள்வித்தாள் 1995லிருந்தே இருக்கிறதாம்!

கூட்டினால் 38. அதை 1.25ஆல் பெருக்க வேண்டும்: 47.5. நாற்பதைத் தொட்டாலே மனச்சுமை அதிகம் என்று அர்த்தமாம். "இது மனச்சோர்வு நோயேதான் என்றில்லை, சர்க்கரையைச் சுமந்து சுமந்து வந்த அலுப்பு" என்றார். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் உடனே வந்து சொல்லச் சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோயும் கூடுதலாகவே வருகிறதாம்.

214ஐப் பற்றியும் கேட்டேன். கவலைப்பட்டாலும் தூக்கம் கெட்டாலும் கார்ட்டிசால், அட்ரினலின் என்கிற ஹார்மோன்கள் எல்லாம் ஏறி, கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும் என்றார். இத்தனை வருஷமாக ஒவ்வொரு எண்ணுக்கும் என் தட்டை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

மார்ச் 15

ராத்திரி இரண்டு மணி. கை நடுங்கி, நைட்டி வேர்வையில் நனைந்து, நெஞ்சு படபடவென்று... பயத்தில் வருவதா, சுகர் இறங்கிப்போன லோவா என்று எனக்கே பிடிபடவில்லை. லைட்டைப் போட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். மீட்டரில் 58. பதினைந்து கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷமும் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுபடி பார்த்தால் 91. அப்போதுதான் அழுகை வந்தது.

"இனிமே நீ கத்தினா முதல்ல சுகர் பார்க்கிறேன்" என்றார். ராத்திரி சரி. ஆனால் நான் நியாயமாகக் கோபப்படும்போது "சுகர் பார்த்தியா?" என்று கேட்டால் நடக்கிறதே வேறு. அதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

மார்ச் 19

188. நோட்டில் 188 என்றே எழுதினேன். பக்கத்தில், "மூணு மணிக்கு விழிப்பு, மகளின் வேலைக் கவலை." டாக்டர் சொன்ன யோசனை இது, எண்ணுக்குப் பக்கத்தில் மனசையும் ஒரு வரி எழுதச் சொல்லி.

சமையலறையிலிருந்து "எவ்..." என்று ஆரம்பித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டு, "தூங்கினியா?" என்றார்.

"சரியா இல்லங்க. நூத்தி எண்பத்தி எட்டு."

"சரி, வா, நடந்துட்டு வரலாம்."