யிவூவில் நிறுவனப் பதிவு: முத்திரை கைக்கு வந்த அனுபவம்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான் பணியாற்றிய சென்னை வணிக நிறுவனத்துக்காக, சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள யிவூ நகரத்தில் ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாரிமுனைக் கடைகளில் தொங்கும் பாசிமணி, பொம்மை, தலைமுடிக் கிளிப் போன்ற சில்லறைச் சரக்குகள் பலவற்றுக்கு அந்த ஊர்ச் சந்தைதான் மூலம். முதல் தாளைத் தயார் செய்ததிலிருந்து நிறுவனத்தின் சிவப்பு முத்திரை கைக்கு வரும்வரை நான்கு மாதங்கள் ஆயின. சீனாவில் பொருளாதாரச் சீர்திருத்தம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அரசியல் சீர்திருத்தம் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்ற இரண்டையும் அந்த நான்கு மாதங்களில் நான் ஒரே கவுன்டரில் பார்த்தேன்.

நான்கில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே கழிந்தது. சென்னை நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் நோட்டரி, வர்த்தக சபை, வெளியுறவு அமைச்சகம், டெல்லியில் உள்ள சீனத் தூதரகம் என ஒவ்வொரு படியாகச் சான்றொப்பம் பெற்றாக வேண்டும். ஒரே சான்றொப்பத்தை உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சீனா சேர்ந்தது 2023இல்தான் என்பதால் எங்களுக்குக் குறுக்கு வழி எதுவும் இருக்கவில்லை.

யிவூவின் அரசுச் சேவை மையத்துக்குள் நுழைந்த முதல் நாளே எனக்கு வியப்பு. டோக்கன் எடுத்து உட்கார்ந்த இருபது நிமிடங்களில் அழைத்துவிட்டார்கள். தாள்களை ஒரே ஊழியர் வாங்கி, விடுபட்டவற்றை ஒரே தடவையில் குறித்துக் கொடுத்தார். இதற்குப் பின்னால் சில ஆண்டுகளின் உழைப்பு இருந்தது. 2014 மார்ச்சில் பெரும்பாலான தொழில்களுக்குக் குறைந்தபட்ச மூலதன நிபந்தனை எடுக்கப்பட்டது; 2015 அக்டோபரில் வணிக உரிமம், அமைப்புக் குறியீடு, வரிப் பதிவு ஆகிய மூன்று சான்றிதழ்களும் 18 இலக்க எண் கொண்ட ஒரே சான்றிதழாயின; 2016 அக்டோபர் முதல், தடைப்பட்டியலில் இல்லாத துறைகளில் வெளிநாட்டு முதலீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை, தகவல் பதிவே போதும் என்றானது. அந்த ஆண்டின் இறுதியில் செஜியாங் மாகாண அரசு, காரியம் முடிய அலுவலகத்துக்கு ‘அதிகபட்சம் ஒரே ஒரு நடை’ என்பதையே தன் கொள்கையாக அறிவித்தது. தியான்ஜின் நகரின் பின்ஹாய் பகுதியில், ஒப்புதல் தருவதற்காக அதுவரை பல துறைகள் வைத்திருந்த 109 முத்திரைகளை 2014இல் கட்டி ஒதுக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் ஒற்றை முத்திரையைக் கொண்டுவந்தார்கள். ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பழகியவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்க வேண்டியதில்லை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சிக்கல் முகவரியில் வந்தது. பதிவுக்காக நான் எடுத்த இரண்டாம் மாடி அறைக்கு, அங்குள்ள வழக்கப்படி, ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். விண்ணப்பம் போட்ட வாரத்தில், அந்தத் தெருவின் கட்டடங்களை இனி வணிக முகவரியாக ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முடிவு எப்போது எடுக்கப்பட்டது, யார் எடுத்தார்கள், தெருக்காரர்களிடம் கேட்டார்களா என்று எங்கள் பதிவு முகவரான இளம்பெண் மூலம் கேட்டேன். ஊழியர் மிகுந்த மரியாதையுடன் ஒரே சொல்லில் பதில் தந்தார்: ‘ஷாங்மியன்’. மேலே என்று பொருள். நம் ஊரில் ‘மேலிடத்து உத்தரவு’ என்பார்களே, அதேதான். வேறு முகவரியை எப்படிக் கொடுப்பது என்பதை அவர் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். ஏன் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

அவருடைய மேசையில் ஒரு சிறிய கருவி இருந்தது. சேவை மிகவும் திருப்தி, திருப்தி, திருப்தியில்லை என்று அதில் பொத்தான்கள். அந்த ஊழியரிடம் குறை எதுவும் இல்லாததால் நான் முதல் பொத்தானையே அழுத்தினேன். ஊழியரை மதிப்பிட எனக்கு இடம் தந்தவர்கள், விதியை மதிப்பிட எவருக்கும் இடம் தரவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

யிவூவின் வரலாறு இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது என்பதைப் பதிவு முகவர்தான் சொன்னார். வெல்லக்கட்டியைக் கொடுத்துக் கோழி இறகு வாங்கிய நடைவியாபாரிகளின் ஊர் அது. 1982இல் ஃபெங் ஐச்சியன் என்ற தெருவியாபாரிப் பெண், மாவட்டக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை வழிமறித்து, எங்களை ஏன் விரட்டுகிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். ஷியே காது கொடுத்துக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சந்தை திறக்கப்பட்டது. உலகமே சரக்கெடுக்க வரும் இன்றைய சந்தைக்கு வித்து, ஒரு சாதாரணப் பெண் அதிகாரத்தைக் கேட்ட அந்தக் கேள்விதான்.

அன்றைய சீனத் தலைமையும் பொருளாதாரச் சீர்திருத்தம், அரசியல் சீர்திருத்தம் இரண்டையும் சேர்த்தே பேசியது. அதிகாரக் குவிப்பையும் ஆயுட்காலப் பதவியையும் அந்நாளின் முதன்மைத் தலைவர் டெங் சியாவோபிங் 1980 ஆகஸ்ட் உரையில் கண்டித்தார். அரசியல் அமைப்பைச் சீர்திருத்தாமல் பொருளாதாரச் சீர்திருத்தம் நடக்காது என்று 1986இல் சொன்னார். கட்சியையும் அரசையும் பிரிப்பது 1987இன் 13ஆம் கட்சி மாநாட்டில் கட்சித் தலைவர் சாவோ சியாங் முன்வைத்த அறிக்கையிலேயே இடம்பெற்றது. 1989இல் தியான்ஆன்மென் போராட்டம் ஒடுக்கப்பட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. 1992இல் டெங்கின் தென்பகுதிப் பயணத்தோடு சந்தை மட்டும் மீண்டும் வேகமெடுத்தது. அதன்பின் வந்தது பெரும்பாலும் நிர்வாகச் சீர்திருத்தம் என்பது என் கணிப்பு. மக்களுக்கு வசதி கிடைத்தது. ஆனால் அது உரிமையாகக் கிடைக்கவில்லை என்பதால், ஒரே வாரத்தில் ஒரு தெருவிடமிருந்து அதைப் பறிக்க முடிந்தது.

வேறொரு கட்டடத்தில் அறை எடுத்துத் தாள்களை மறுபடி கொடுத்தேன். ஐந்து வேலை நாட்களில் உரிமம் வந்தது. காவல் துறையில் பதிவுபெற்ற கடையில் முத்திரைகளைச் செதுக்கி வாங்கினோம். எங்கள் நிறுவனத்தின் சீனப் பெயர் கொண்ட அந்த முத்திரையைப் பழைய செய்தித்தாளில் அழுத்திப் பார்த்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

என் பழைய வீட்டுக்காரர் முன்பணத்தையும் மீதி வாடகையையும் தாமாகவே திருப்பித் தந்தார். தரைத்தளக் கடைகளின் வாடகையில்தான் அவர் குடும்பம் ஓடியது. தெரு பற்றிய முடிவைக் குறித்து முறையிட, மனு வாங்கும் அலுவலகத்துக்கு அவர் போனார். ரசீது கொடுத்து, அந்த முடிவை அறிவித்த அலுவலகத்துக்கே மனுவை அனுப்பி வைத்தார்கள். ஏற்ற மனுவுக்கு 60 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது விதி. 2018 மார்ச்சில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேராயம் அதிபரின் இருமுறைப் பதவி வரம்பை நீக்கியது. அதே கூட்டத்தொடரில், சந்தையைக் கண்காணிக்கும் பல துறைகளை ஒன்றாக்கவும் ஒப்புதல் அளித்தது. அந்த மாதம் நான் அவர் வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போனபோது, ரசீதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். பதில் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, உங்கள் வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.